நாற்பது வீட்டுக்கும் எழுபத்தொன்று

நாற்பதாவது போத்தலையும் சோதித்து முடித்தபோது குணம் சேர் அழுதுவிடுவார் போலிருந்தது. நாற்பது வீடு, நாற்பது கிணறு, நாற்பதுக்கும் ஒரே இலக்கம்: எழுபத்தொன்று. இடையில் இரண்டு மூன்று எழுபது வந்தது, அது மெசின் கொட்டாவி விட்ட நேரமாக இருக்கும். அவர் அதைத் தட்டினார், துடைத்தார், ஊதினார், மின்விசிறிக்குக் கீழே வைத்துக் காயவிட்டார். மறுபடி போட்டால் மறுபடி எழுபத்தொன்று, மறுபடி சிவப்பு வெளிச்சம்.

“தங்கச்சி, இது செத்துப்போச்சு,” என்றார்.

சாகவில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே, அந்த நாற்பது வீட்டுச் சந்திலேயே, உண்மை பேசிய ஒரே ஆள் அந்த மெசின்தான் என்று எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. விளங்கியும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஏன் என்று சொல்கிறேன். கேட்டால் என்னைப்பற்றி நல்லபடியாக நினைக்கமாட்டீர்கள், பரவாயில்லை.

மெசின் ஒரு சவர்க்காரக் கட்டியளவுதான் இருக்கும். அதன் நுனியில் செருகும் பட்டியில் காபன் குழாய்கள் பூசியிருந்தன. குழாய் என்றதும் எங்கள் வாப்பா கிணற்றுக்குள் இறக்கும் குழாயை நினைத்துக்கொண்டு பட்டியைத் திருப்பித் திருப்பித் தேடினார். ஒரு தலைமயிரின் தடிப்பை எண்பதாயிரமாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு என்ன தடிப்போ அந்தத் தடிப்பு என்று குணம் சேர் விளக்கினார். “அப்ப அந்தக் குழாய ஆரு கண்ட?” என்று வாப்பா கேட்டார். தண்ணீரில் நைத்திரேற்று இருந்தால் அது அந்தக் குழாய்களில் ஒட்டும், ஒட்டினால் மின்சாரம் ஓடுவதில் வித்தியாசம் வரும், அந்த வித்தியாசம்தான் இலக்கம். ஐம்பதுக்குக் கீழே பச்சை, மேலே சிவப்பு.

குணம் சேர் வினாயகபுரத்து மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. வெளிநாட்டில் படித்து, சண்டை முடிந்த அடுத்த வருஷம் இந்த மெசினோடு வந்திறங்கினார். இரண்டு வருஷம் முந்தி வந்திருந்தால், வயரும் வெளிச்சமும் உள்ள அந்தப் பெட்டிக்கு முதல் சோதனைச் சாவடியிலேயே பதில் சொல்லி முடித்திருக்கமாட்டார். உயர்தரப் பரீட்சைக்கு இரசாயனவியல் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னை உதவிக்குச் சேர்த்துக்கொண்டார். கல்முனைக்குடியில் எங்கள் ஒழுங்கைதான் முதல் பரீட்சை. நல்லபடி நடந்தால் ஊரெல்லாம் கிணறு பார்க்கலாம், நடக்காவிட்டால் மெசினைப் பெட்டிக்குள் வைத்துத் திருப்பி அனுப்பவேண்டியதுதான்.

இனி எங்கள் கிணற்றின் கதை. சுனாமியன்று கடல் ஒழுங்கைக்குள் ஏறி, எல்லார் கிணற்றையும் நிரப்பி, எங்கள் வேலியடியில் வந்து நின்றுவிட்டது. வீட்டைத் தொடவில்லை, கிணற்றைத் தொடவில்லை. கடற்கரைப் பக்கம் தன் தங்கச்சியைப் பார்க்கப் போயிருந்த உம்மாவைக் கொண்டுபோனது. இதில் என்ன நியாயம் என்று நான் இன்றைக்கும் அல்லாஹ்விடம் கேட்பதுண்டு. மற்றவர்களின் கிணறுகளைத் தொண்டு நிறுவனங்கள் இறைத்தார்கள், மருந்து போட்டார்கள், திரும்பவும் இறைத்தார்கள். உப்புச் சவர் போகவில்லை. அன்றிலிருந்து ஒழுங்கை முழுவதும் குடிக்கவும் சமைக்கவும் எங்கள் கிணற்றில்தான் அள்ளுகிறது. குழாய்த் தண்ணீர் பிரதான வீதிவரை வந்துவிட்டது, எங்களிடம் வர இன்னும் வழி கேட்டுக்கொண்டிருக்கிறது.

அந்தத் தண்ணீரின் ருசி அப்படி. வாப்பா ஆதம்பாவா கிணற்றடியில் கதிரை போட்டு உட்கார்ந்து, வாளி இறக்குகிறவர்களிடமெல்லாம் “எப்பிடி?” என்று கேட்பார். தானே வெட்டிய கிணறு போல. உண்மையில் அது உம்மாவின் சீதன வீட்டுக் கிணறு. எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருவார். உம்மாவுக்குப் பிறகு வீடும் கிணறும் எனக்கு.

அதனால்தான் சபியா உம்மா வந்தார். தேத்தண்ணி விஷயத்தில் அவர் நீதிபதி மாதிரி. கலியாண வீடுகளில் அவர் கோப்பையை வாயில் வைத்து எடுக்கும்வரை சமையல்காரன் மூச்சு விடமாட்டான். தன் மகன் றினாஸுக்குப் பெண் பார்க்க வந்தவர், என்னை ஒரு தரம் பார்த்தார், கிணற்றை மூன்று தரம் பார்த்தார். ஒரே இருப்பில் நாலு கோப்பை குடித்துவிட்டு, “இந்தத் தண்ணியில என்ட மகன் குடும்பம் நடத்தட்டும்,” என்று எழும்பினார். அடுத்த மாதம் பதினாலாம் தேதி நாள் குறித்தாயிற்று.

றினாஸ் நாவிதன்வெளிப் பக்கம் வயல்காரர்களின் தண்ணீர்ப் பம்புகளைப் பழுது பார்க்கிறவர். எண்ணெய்க் கறை போகாத கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு எங்கள் முற்றத்தில் நின்ற நிலையிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. ஒளிக்காமல் சொல்கிறேன், அவரை நினைத்தால் எனக்குச் சோற்றில் உப்புக் கூடிவிடும். ஆகவே கலியாணம் என்பது எனக்கு வாப்பாவின் கடமை தீர்கிற விஷயம் இல்லை. எனக்கு அவர் வேண்டும்.

இப்போது போத்தலுக்கு வருவோம். வீட்டுக்கு ஒரு போத்தல் கொடுத்து, பெயர் ஒட்டி, “உங்கட கிணத்துத் தண்ணிய நிரப்பி வையுங்க, நாளைக்கு வந்து எடுக்கன்,” என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த நாள் ஒவ்வொரு போத்தலும் துடைத்து, சில வீடுகளில் வெள்ளைத் துணியால் மூடி, தட்டில் வைத்துத் தந்தார்கள். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வெளியில் இருந்து வந்த படித்த மனிதருக்கு எங்கள் ஆட்கள் சவர்த் தண்ணீர் கொடுப்பார்களா? வெட்கக்கேடு! நாற்பது வீடும், ஒருவருக்கொருவர் சொல்லாமலே, தங்கள் கிணற்றை விட்டுவிட்டு, விருந்தாளிக்கு எடுக்கும் குடத்தில் இருந்து ஊற்றித் தந்திருக்கிறது. குடத்துத் தண்ணீர் எங்கள் கிணற்றுத் தண்ணீர்.

மெசின் சரி என்றால் எங்கள் கிணறு சிவப்பு.

மத்தியான நேரம் வாப்பா தொழப் போனதும் மெசினை இரவல் வாங்கிவந்து எங்கள் கிணற்றில் போட்டேன். எழுபத்தொன்று. வேலிக்கு அந்தப் பக்கம் றபீக்கா ராத்தாவின் கிணற்றில், பாத்திரம் கழுவக்கூட முகம் சுளிக்கிற அந்தச் சவர்த் தண்ணீரில், போட்டேன். ஒன்பது, பச்சை. உப்பு இருக்கிறதா என்று இந்த மெசின் பார்க்காது, அது நாக்கின் வேலை. நைத்திரேற்றுக்கு ருசியும் இல்லை, மணமும் இல்லை.

எங்கிருந்து வந்தது என்று தேட வெகுதூரம் போகவில்லை. சுனாமிக்குப் பிறகு வீடிழந்த சொந்தக்காரர் ஒன்பது குடும்பம் எங்கள் வளவில் தகரக் கொட்டில் போட்டு இரண்டு வருஷம் இருந்தார்கள். அவர்களுக்காக அவசரத்தில் ஆறு மலசலகூடக் குழி வெட்டினார்கள், கிணற்றிலிருந்து பத்து எட்டுக்கூட இல்லை. அவர்கள் புது வீடு போனதும் குழிகளை மண்போட்டு மூடி, அதன்மேல் வாப்பா கதலி வாழை வைத்தார். ஒவ்வொரு குலையும் இரண்டு ஆள் தூக்கவேண்டும். “எல்லாம் பரக்கத்து, அல்லாஹ்ட அருள்,” என்று அவர் ஊரெல்லாம் சீப்புச் சீப்பாகக் கொடுத்தார். சபியா உம்மா வீட்டுக்கும் ஒரு முழுக்குலை போனது.

அன்று பின்னேரம் வாப்பாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு மெசினை ஒரு பார்வை பார்த்தார்.

“ஆறு வருஷமா ஊரே குடிக்கிது. ஒருத்தனும் மௌத்தாகல்ல.”

“பெரியாக்களுக்கு ஒண்டும் செய்யாது வாப்பா. சின்னக் குழந்தைகளுக்குத்தான் கூடாது. ரெத்தத்தில காத்து ஏறாது, உடம்பு நீலம் பாஞ்சி போகும்.”

“கொதிக்க வெச்சா?”

“கொதிச்சா தண்ணிதான் வத்தும். இது வத்தாது.”

வாப்பா கதிரையை எடுத்துக் கிணற்றின் மறுபக்கம் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். திரும்பாமலே சொன்னார்: “பதினாலாந் தேதி கலியாணம் முடியட்டும் மகள். பதினைஞ்சாந் தேதி மெசின் கதைக்கட்டும்.”

பைத்தியக்கார யோசனைதான். எனக்கும் அது பிடித்திருந்தது, அதுதான் வெட்கம். குணம் சேர் தானாகவே மெசின் செத்துவிட்டது என்று நம்புகிறார். நான் ஒரு பொய்யும் சொல்லவேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும். பெரியாக்கள் மூன்று கிழமை குடித்தால் என்ன குடி முழுகிவிடும்? ஒழுங்கையில் பால்மா குடிக்கிற கைக்குழந்தை ஒன்றே ஒன்றுதான், றபீக்கா ராத்தாவின் மகன், வயது இரண்டு மாதம். அவனை மட்டும் எப்படியாவது காப்பாற்றிவிட்டால் மற்றதைக் கலியாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

றினாஸுக்கும் ஒரு தரம் போனில் கோல் எடுத்து, “கிணறு இல்லாத வீடெண்டா நீங்க வருவீங்களா?” என்று கேட்டுப் பார்த்தேன். அவர் வயலில் நின்றார். பின்னால் ஒரு பம்பு இருமிக்கொண்டிருந்தது.

“எனக்கெண்டா ஓம்தான்,” என்றார். “உம்மாட்ட ஒரு சொல்லுக் கேட்டுச் சொல்லவா?”

கேட்கவேண்டாம் என்று கெஞ்சி வைத்தேன்.

வேலியடியில் றபீக்கா ராத்தாவைப் பிடித்தேன். “ராத்தா, தம்பிக்குப் பால் கரைக்க எங்கட தண்ணி எடுக்காதீங்க. கடையில போத்தல் தண்ணி வாங்குங்க. இது வாயுத் தண்ணி, பச்சப்புள்ளைக்கு ஆகாது,” என்று ஒரு புளுகு விட்டேன்.

ராத்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆறு வருஷம் வாயுவே இல்லாத தண்ணீருக்குக் கலியாணம் பேசி முடித்த மாதத்தில் வாயு வந்தால் யார்தான் நம்புவார்கள்? அடுத்த நாள் குடம் தூக்கி வந்த பெண்கள் என்னைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள். அதற்கடுத்த நாள், ஆதம்பாவாவின் மகள் கிணற்றைப் பூட்டப்போகிறாள், மாப்பிள்ளை வரமுதலே கஞ்சத்தனம் வந்துவிட்டது என்று கதை ஒழுங்கையைத் தாண்டியது. மூன்றாம் நாள் அது சபியா உம்மாவின் காதுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பாலுக்கு அழுத குழந்தைக்குத் தண்ணீர் இல்லை என்று நான் துரத்தியடித்ததாக வளர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை குணம் சேர் பயணம் சொல்ல வந்தார். மெசின் பெட்டிக்குள் போய்விட்டது. முகம் செத்த வீட்டு முகம். வாப்பா மட்டும் மிகுந்த சந்தோசத்தோடு அவருக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஓட்டோ ஒன்று வாசலில் நின்றது. சபியா உம்மா இறங்கினார். செருப்பைக் கழற்றவில்லை, இருக்கவுமில்லை; அண்ணனைக் கூப்பிடுகிற ‘காக்கா’வை மட்டும் விடவில்லை.

“ஆதம்பாவா காக்கா, நான் கேள்விப்பட்டது மெய்யா? பச்சப்புள்ளைக்குத் தண்ணி இல்லையெண்டு சொன்னவள் இந்தப் புள்ளையா? தண்ணிய மறுக்கிற வீட்டில என்ட மகன வைக்க எனக்கு ஏலா.”

“அப்பிடியொண்டும் இல்ல, அது வந்து, வாயு,” என்று வாப்பா தடுமாறினார்.

சத்தம் கேட்டு றபீக்கா ராத்தா மகனை ஒரு கையில் ஏந்திக்கொண்டு வந்து சேர்ந்தார். மறுகையில் சூப்பிப் போத்தல். “மாமி, நீங்களே கேளுங்க. ஆனா நான் பயப்பட இல்ல. இண்டைக்கு விடியச் சொல்லாம அள்ளினன், அந்தத் தண்ணியிலதான் பால் கரைச்சிரிக்கன். பாருங்க, ஒண்டும் ஆகாது.”

சொல்லிக்கொண்டே சூப்பியைக் குழந்தையின் வாயில் வைத்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். உதட்டோரத்தில் பால் வழிந்தது.

என் கால்கள் எப்போது ஓடின என்று தெரியாது. சூப்பியைப் பறித்துவிட்டேன். வருங்கால மாமியாரின் முன்னால், அவர் என்ன குற்றத்தை விசாரிக்க வந்தாரோ அதே குற்றத்தை, அவர் கண்ணாலேயே காணும்படி செய்துவிட்டு, பால் போத்தலோடு நின்றேன். குழந்தை வீறிட்டது. வாப்பா கண்ணைப் பொத்திக்கொண்டார்.

“சேர், பெட்டியத் திறங்க,” என்றேன். “மெசின் சாகல்ல. நாப்பது போத்தலும் இந்தக் கிணத்துத் தண்ணி.”

எல்லாவற்றையும் சொன்னேன். போத்தல், குடம், குழி, வாழை, வாயு, ஒன்றும் விடவில்லை. எங்கள் கிணற்றில் ஒரு வாளி அள்ளி, அவர்கள் பார்க்கப் பட்டியை முக்கினோம். எழுபத்தொன்று. றபீக்கா ராத்தாவின் கிணற்றில் முக்கினோம். ஒன்பது. குணம் சேர் என் கலியாணம் கிணற்றுக்குள் விழுவதைக் கொஞ்சமும் கவனிக்காமல், “ஒழுங்கா வேலை செய்யுது! ஐயோ, என்ன வடிவா வேலை செய்யுது!” என்று முற்றத்தில் சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தார். எனக்கு அவரை வாளியால் அடிக்கவேண்டும் போலிருந்தது.

சபியா உம்மா சிவப்பு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “அப்ப இதுக்குள்ள இரிக்கிற...”

“கக்கூஸ் குழியில இருந்து ஊறி வந்தது மாமி.”

“நான் இந்த வீட்டில எத்தின தேத்தண்ணி குடிச்சிரிப்பன்?”

“பதினொண்டு,” என்றார் வாப்பா. விருந்தாளி குடித்த கணக்கு அவருக்கு எப்போதும் சரியாக ஞாபகம் இருக்கும்.

சபியா உம்மா முக்காட்டின் முனையால் வாயைத் துடைத்தார். வந்த ஓட்டோவிலேயே திரும்பி ஏறினார். ஓட்டோ போகும் சத்தம் பிரதான வீதிவரை கேட்டது. குணம் சேர் கையில் வைத்திருந்த மீதி வாழைப்பழத்தை மெதுவாக வேலியோரம் வைத்தார்.

நான் கிணற்றின்மேல் தகரம் போட்டுக் கல் வைத்தேன். பிறகு குசினிக்குள் போய் அடுப்படியில் அழுதேன். உம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது. வாப்பா மூடிய கிணற்றுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்; “எப்பிடி?” என்று கேட்க ஆளில்லை.

ஒழுங்கை ஒரு நாள் என்னைத் திட்டியது. அடுத்த நாள் பவுசரை, தண்ணீர் ஏற்றிவரும் தாங்கி வண்டியை, வரவழைக்க ஓடியது. குணம் சேர் இம்முறை ஒருவரையும் நம்பாமல் தானே வாளி இறக்கி அள்ளினார். நாற்பதில் முப்பத்தாறு கிணறு பச்சை. குழந்தைக்குப் பால் கரைக்கப் பவுசர் தண்ணீர், மற்றதெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம் என்று முடிவானது. ஊரெல்லாம் கிணறு பார்க்கவும் அவருக்கு அனுமதி கிடைத்தது. சிவப்புக் கிணறுகளின் பட்டியலை, ஆட்களின் பெயரோடு, பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டுவதென்று நிர்வாகத்தார் சொன்னார்கள். எழுதும் வேலை எனக்கு. முதல் பெயர் ஆதம்பாவா.

மூன்றாம் நாள் மத்தியானம் சபியா உம்மா தனியாக வந்தார். வாப்பா உள்ளறையில் சாய்ந்திருந்தார். சபியா உம்மா முக்காட்டுக்குள்ளிருந்து துவாயில் சுற்றிய ஒரு போத்தலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“என்ட கிணறு. ஆருட்டயும் சொல்லாமப் பாரு.”

குணம் சேர் என் பொறுப்பில் விட்டிருந்த மெசினை எடுத்துப் பட்டியை முக்கினேன். தொண்ணூற்றாறு. வெளிச்சம் அவர் முகத்தில் சிவப்பாக விழுந்தது. அவர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“உங்கடயவிடக் கூடவா?”

“ஓம் மாமி. இருபத்தஞ்சி கூட.”

அவருடைய வளவுக்குள்ளேதான் மூத்த மகளுக்கும் வீடு கட்டிக் கொடுத்திருந்தார். அவள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. இரண்டு வீட்டுக்கும் கிணறு ஒன்றுதான். அதை அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன், இருவரும் சொல்லவில்லை. நான் பட்டியல் கொப்பியை எடுத்தேன்.

“பொறு,” என்றார். குரல் தாழ்ந்துவிட்டது. “பள்ளியில ஒட்டுற பேப்பரில என்ட பேரு வரவேணாம் புள்ள. தேத்தண்ணிக்குத் தண்ணி பாக்கிற சபியா உம்மாட கிணத்திலயே கக்கூஸ் எண்டு ஊர் சிரிக்கும். மகளுக்குப் பவுசர் தண்ணி குடுப்பன், சத்தியம். நீ எழுதாத. பதினாலாந் தேதி நிக்காஹ் வெச்சபடி நடக்கும்.”

நான் கேட்க ஏங்கிய சொல் அதுதான். அதைத் தட்டில் வைத்து நீட்டினார். றினாஸின் எண்ணெய்க் கைகள் என் கண்ணுக்குள் வந்தன. ஒரு பெயரை எழுதாமல் விட்டால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? உள்ளறையில் வாப்பாவின் குறட்டை நின்றிருந்தது. அவர் மூச்சுப் பிடித்து ஒட்டுக்கேட்கிறார் என்று தெரிந்தது.

“மாமி, உங்கட கிணத்தில பக்கத்து வளவாக்களும் அள்ளுறாங்களா?”

அவர் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டு, “நாலு வீடு,” என்றார்.

“அந்த நாலு வீட்டுக்கும் நீங்க போய்ச் சொல்லுவீங்களா?”

அவர் தரையைப் பார்த்தார். சொல்லமாட்டார். பதினைந்தாம் தேதிவரை பொறுத்திருக்க நானும்தானே நினைத்தேன், எனக்குத் தெரியாதா?

எழுதினேன். ‘சபியா உம்மா’ வரியை விட்டுக் கீழே இறங்கிப் போனது. பக்கத்தில் தொண்ணூற்றாறு. என் கலியாணம் அந்த வரியோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு பேனையை மூடினேன்.

சபியா உம்மா கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்து மெதுவாக வாசித்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

“வீட்டு நம்பரையும் போடு,” என்றார். “அந்த ஒழுங்கையில இன்னொரு சபியா உம்மா இரிக்கா. பாவம், அவட தலையில விழுந்திரும்.”

நான் நிமிர்ந்தேன். அவர் போத்தலைத் துவாயில் சுற்றிக்கொண்டு எழும்பினார். வாசல்வரை போய் நின்றார்.

“என்ட றினாஸ நினைச்சாத்தான் கவலயா இரிக்கி,” என்றார். “உன்னோட இருந்து ஒரு சின்னப் பொய்யும் சொல்லிப் பிழைக்க ஏலாது அவனுக்கு. வாப்பாவ ஒழும்பச் சொல்லு, நித்திர எண்டு நடிச்சது போதும். பதினாலாந் தேதி அஸர் தொழுகைக்குப் பிறகு வாறம்.”